கோடு போட்டவர்



சுங்குவார்சத்திரத்தில் முதல் ஷிப்ட் முடிந்து ஆலைப் பேருந்துகள் வந்து நின்றபின், ஏதேனும் ஒரு காலி மனையில் நம் வாலிபர்கள் வாலிபால் வலை கட்டுவதைக் காண்கிறோம். பந்தை ஓங்கி அடித்தவனுக்குக் கைதட்டு உண்டு. சுண்ணாம்புக் கோடு போட்டவனை எவரும் நினைப்பதில்லை. நம் நாட்டு விளையாட்டுக்கே அவ்வாறு கோடு போட்ட ஒருவரை இவ்வாரம் நினைவுகூர்வோம்.

அவர் ஹாரி குரோ பக். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பிறந்தவர். 1919-ஆம் ஆண்டு ஒய்.எம்.சி.ஏ. ஊழியராகச் சென்னைக்கு வந்தார். பந்தைக் கொடுத்தால் மட்டும் போதாது, கற்பிக்க ஆசிரியர் வேண்டும் என்று உணர்ந்து, 1920-இல் உடற்கல்வி ஆசிரியர்களுக்கான பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். ஓர் ஓலைக் கொட்டகையும் ஐந்து மாணவர்களுமே அதன் தொடக்கம். இன்று நந்தனத்தில் பரந்த மைதானங்களோடு விளங்கும் உடற்கல்விக் கல்லூரி அதுவே.

ஊருக்கொரு விதியிருந்தால் இரண்டு ஊரார் சேர்ந்து ஆட இயலாது. ஆகவே பக் விளையாட்டு விதிகளைத் தொகுத்து நூலாக்கினார். 1924-இல் பாரிஸ் ஒலிம்பிக் போட்டிக்குச் சென்ற இந்திய அணிக்கு மேலாளராக இருந்தார். அணி பதக்கமின்றித் திரும்பியது. அவரோ சோர்ந்துபோகவில்லை. உடன் ஊழியரான டாக்டர் நோரனுடன் மாகாணந்தோறும் பயணம் செய்து, விளையாட்டுச் சங்கங்கள் உருவாகத் துணைநின்றார். அவ்வுழைப்பின் பயனாக, 1927-இல் சர் தோராப்ஜி டாட்டாவைத் தலைவராகக் கொண்டு இந்திய ஒலிம்பிக் சங்கம் அமைந்தது. 1943-இல் சென்னையிலேயே பக் மறைந்தார். இறுதிவரை அவரே கல்லூரியின் முதல்வர்.

பிரியமானவர்களே, நம் பகுதியில் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளை நம்பிப் பல மாவட்டத்தாரும் வடமாநிலத்தாரும் வந்து வாடகை அறைகளில் தங்கியிருக்கிறார்கள். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. ஆயினும் வலையின் இருபுறமும் நின்று ஆட அவர்களால் இயலும். விதி இருவருக்கும் ஒன்றே. காலி மனைகளோ ஆண்டுதோறும் குறைந்து வருகின்றன. ஆலய வளாகத்தில் மாலை வேளையில் ஒரு வலை கட்ட இடமுண்டா? அவர்களைப் பெயர் சொல்லி அழைக்க நம்மில் ஒருவர் உண்டா?

ஆடத் தெரியாதவர்களும் கோடு போடலாம். அவ்வூழியத்துக்குக் கர்த்தர் நம்மில் சிலரை எழுப்புவாராக. ஆமென்.