தோழி அறிந்த இரகசியம்

தைப்பூசத்தையொட்டி கோலாலம்பூர் ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயத்திலிருந்து பத்துமலைக்குப் புறப்படும் வெள்ளி ரதத்தில் முருகனோடு இரு தேவியரும் எழுந்தருளுகிறார்கள். தெய்வானை, தேவர்கள் கூடி ஊரறிய மணம் முடித்துக் கொடுத்தவள். வள்ளியோ தினைப்புனத்தில் மறைவாகக் காதலித்து, இரவோடு இரவாக வீட்டை விட்டுப் போனவள். செகிஞ்சான் வயலோரத்திலிருந்தும் கோல சிலாங்கூர்த் தோட்டங்களிலிருந்தும் பத்துமலைக்குப் போகிறவர்கள் இருவரையும் வேறுபாடின்றிக் கும்பிடுகிறார்கள். ஒளித்து வளர்ந்த ஒரு காதல் எப்படித் தேரேறியது?

தமிழில் அதற்கு இலக்கணமே உண்டு. தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் 9 இயல்களில் ஒன்று களவியல்; அதை அடுத்து வருவது மணவாழ்வைப் பேசும் கற்பியல். திருக்குறள் காமத்துப்பாலின் முதல் 7 அதிகாரங்களும் களவுக்கே உரியவை. பெற்றோர் அறியாமல் இருவர் மனம் கலப்பதே களவு. அது மணத்தில் முடிய வேண்டும் என்பது மரபு. பகற்குறி, இரவுக்குறி, ஊர் வாயில் எழும் அலர், மகளை வீட்டுக்குள் நிறுத்தும் இற்செறிப்பு, உடன்போக்கு என்று அதன் ஒவ்வொரு கட்டத்துக்கும் புலவர்கள் பெயரிட்டார்கள்.

வள்ளி அந்த மரபின் நாயகி. நற்றிணையின் 82ஆம் பாட்டிலேயே தலைவிக்கு அவள் உவமையாகிறாள். பரிபாடலின் 9ஆம் பாடலில் வள்ளி, தெய்வானை இருவரின் தோழியரும் பரங்குன்றத்தில் மோதிக்கொள்ள, களவு வழிவந்த காதலே அங்கு உயர்த்திப் பேசப்படுகிறது.

கச்சியப்ப சிவாச்சாரியார் கந்தபுராணத்தின் கடைசிப் படலத்தை வள்ளியம்மை திருமணத்துக்கென்றே ஒதுக்கினார். அகப்பாட்டில் காதலருக்குப் பெயர் சொல்லக் கூடாது. அவரோ எல்லாரும் அறிந்த தெய்வத்தின் பெயரை வைத்து, களவின் துறைகளை ஒன்றன்பின் ஒன்றாக அதன்மேல் நடத்திக் காட்டினார்.

தெரிந்த கதைமாந்தரை எடுத்து, அவர்களுக்குள் யாரும் அறியாத ஒரு காதலை எழுதுவது இன்று உலகெங்கும் ரசிகர் புனைவு என்று வளர்ந்திருக்கிறது. 1967இல் 'ஸ்டார் டிரெக்' என்ற தொலைக்காட்சித் தொடருக்கு ரசிகர்களே இதழ் நடத்தினார்கள். தமிழில் இந்த வேட்கைக்கு வயது மிக அதிகம். வில் முறியும் முன்பே இராமனும் சீதையும் கண்ணால் கலக்கும் காட்சி வான்மீகியில் இல்லை. மிதிலைக் காட்சிப் படலத்தில் கம்பர் கொடுத்தது அது. கல்கி விட்ட இடத்திலிருந்து 'பொன்னியின் செல்வன்' மாந்தரை விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி'யில் தொடர்ந்தார்.

இத்தகைய கதைகளில் நம்மைக் கட்டிப்போடுவது யார்? காதலர் இருவர் மட்டும் அல்லர். அவர்களுடைய இரகசியத்தைச் சுமக்கும் மூன்றாமவள்.

கபிலரின் குறிஞ்சிப்பாட்டு 261 அடி. அத்தனையும் ஒரே ஆளின் பேச்சு. தலைவியின் களவைத் தோழி செவிலித்தாயிடம் எடுத்துச் சொல்கிறாள். இதையே அறத்தொடு நிற்றல் என்றார்கள். மறைத்தவளே தக்க நேரம் பார்த்து உண்மையைத் திறக்கிறாள்; அந்த நேரத்தைத் தேர்வதுதான் அவளுடைய அறிவு. வள்ளி கதையிலும் தோழி முதலில் முருகனை மறுக்கிறாள். பனைமடல் குதிரையில் ஏறி ஊரறியக் காதலைச் சொல்வேன், மடலேறுவேன் என்று அவன் சொன்னதும் இரங்குகிறாள், சந்திப்புக்கு இடம் அமைக்கிறாள், கடைசியில் நள்ளிரவில் வள்ளியின் கையை அவனிடம் ஒப்படைக்கிறாள். இடையில், மகள் மெலிவதைக் கண்ட வீட்டார் முருகனுக்கே வெறியாட்டு என்னும் சடங்கை எடுக்கிறார்கள். நோயைத் தந்தவனிடமே மருந்து கேட்கிறார்கள் என்பது தோழிக்குத் தெரியும், நமக்கும் தெரியும், தாய்க்குத் தெரியாது. அந்த ஓரிடத்தில் வாசகராகிய நாமும் தோழியாகிவிடுகிறோம்.

சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) இந்தக் கதையை 'வள்ளி திருமணம்' நாடகமாக்கினார். 1933இல் அது பேசும் படமாகவும் வந்தது. கடல் கடந்து பால்மரக் காட்டுக்கு வந்த தமிழரும் இந்தக் கதையை விட்டுவிட்டு வரவில்லை. ஓலைக் கூரையின்கீழ் வேலனும் வேடனும் கிழவனுமாக மாறி மாறி வந்த நடிகரைக் கண்டவர்கள் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறார்கள்.

கைப்பேசியில் கதை எழுதும் பேரப்பிள்ளைகளை அழைத்து அந்தப் பெரியவர்கள் இதைச் சொல்ல வேண்டும். பிள்ளைகளே, நீங்கள் எழுதும் காதலுக்கு ஒரு தோழியையும் எழுதுங்கள். அவள் என்ன அறிந்தாள், எதை மறைத்தாள், எப்போது பேசினாள் என்று எழுதுங்கள். இந்த மரபில் உங்கள் கதைக்கும் இடம் இருக்கட்டும்.