செட்டப் ஃபைலுக்குப் பக்கத்தில் ஒரு ஜிப்

டாஸ் காலத்தில் ஒரு நிரலை ‘இன்ஸ்டால்’ செய்வதென்றால் பெரும்பாலும் வெறும் காப்பிதான். பிளாப்பியில் இருப்பதை ஒரு டைரக்டரிக்குள் போட்டால் ஓடும். செட்டிங்ஸும் அங்கேயே கிடக்கும். வேண்டாமென்றால் டைரக்டரியை அழித்துவிடலாம், சுவடே மிஞ்சாது. நான் கணினி பழகியது அப்படித்தான்.

விண்டோஸ் 95 அந்த வழக்கத்தை மாற்றியது. காரணமில்லாமல் மாற்றவில்லை. செட்டிங்ஸ் அடங்கிய ஐஎன்ஐ கோப்புகள் மூலைக்கொன்றாகக் கிடந்தன. எல்லாவற்றையும் ரெஜிஸ்ட்ரியில் வைத்தால் ஒழுங்கு வரும். ஒரே டிஎல்எல்லைப் பல நிரல்கள் பயன்படுத்தினால் ஹார்டு டிஸ்க்கில் இடமும் மிச்சம். ஆனால் ஒரு நிரல் நாலைந்து இடங்களில் சிதறிப்போனது. புதிதாகப் போட்ட நிரல் பழைய டிஎல்எல்லை மாற்றிவிட, சம்பந்தமே இல்லாத இன்னொன்று படுத்துவிடும். போடுவதற்கு ஒரு நிரல், எடுப்பதற்கு ஒரு நிரல் என்பது வழக்கமானது அப்போதுதான்.

எல்லோரும் அந்த வழியில் போய்விடவில்லை. மார்க் ருசினோவிச்சின் சிஸ்இன்டர்னல்ஸ் கருவிகளை இறக்கியதும் ஓட்டலாம். சைமன் டாதமின் ‘புட்டி’யும் ஒரே கோப்புதான், ஆனால் செட்டிங்ஸை ரெஜிஸ்ட்ரியில் எழுதும். அதைத் துடைத்துவிட்டுப் போக ‘கிளீனப்’ என்றொரு கட்டளையையும் அவர் சேர்த்து வைத்திருந்தார். அடுத்தவர் கணினியில் உட்காருகிறவரை நினைத்துப் பார்த்த மனசு அது.

2000 வாக்கில் பென் டிரைவ் கடைக்கு வந்தது. ஐபிஎம் விற்றதில் 8 எம்பிதான் கொள்ளும். கொள்ளளவு ஏற ஏற, கோப்போடு நிரலையும் கொண்டுபோக ஆசை வந்தது. 2004இல் ஜான் ஹாலர் ஃபயர்பாக்ஸைப் பென் டிரைவிலிருந்தே ஓடும்படி செய்து கொடுத்தார். உலாவியை அப்படியே காப்பியடித்தால் வேலை நடக்காது. புக்மார்க்கும் பாஸ்வேர்டும் உள்ள புரொஃபைலைத் தேடி அது சி டிரைவுக்கு ஓடும். அதனால் ஒரு சிறு லாஞ்சர் முன்னால் நின்று, பென் டிரைவிலுள்ள புரொஃபைலைக் காட்டிவிடும். ஒரு கணினியில் ‘இ’யாக இருக்கும் டிரைவ் இன்னொன்றில் ‘எஃப்’ ஆகும். பாதைகளைத் திருத்துவதும் லாஞ்சர் வேலைதான். போகிற ஊரில் அடுப்பைத் தேடாத கட்டுச்சோறு!

பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். அட்மின் பாஸ்வேர்டு கிடைக்காது. எக்ஸ்புளோரரை விட்டால் வேறு உலாவி கிடையாது. தமிழில் ஒரு மெயில் அடிக்கக்கூடக் கீபோர்டு மென்பொருளை அங்கே போட வேண்டும், போட அனுமதி இல்லை. கல்லூரி ஆய்வகத்தைப் பார்த்துக்கொண்ட எனக்கு மறுபக்கமும் தெரியும். பாஸ்வேர்டைக் கொடுக்க முடியாது, மாணவரின் தேவையும் உண்மை. இன்ஸ்டால் வேண்டாத நிரல் இரண்டு பேரையும் காப்பாற்றியது.

இதே வேலைக்காக சான்டிஸ்க்கும் எம்-சிஸ்டம்ஸும் சேர்ந்து கொண்டுவந்த யு3 என்ற ஏற்பாட்டுக்குத் தனி பென் டிரைவே வாங்க வேண்டியிருந்தது. அது சிடிபோல் நடித்து ஆட்டோரனில் எழும். அதே ஆட்டோரன் வழியாகவும் 2008-09இல் கான்ஃபிக்கர் போன்ற வைரஸ்கள் பரவின. யு3 நிலைக்கவில்லை. எந்த டிரைவிலும் ஓடிய ஹாலரின் சாதாரண ஃபோல்டர்கள் நிலைத்தன.

இன்ஸ்டால் வேண்டாத நிரல்களை இன்று ஜிப்பாகவும் தருகிறார்கள். நோட்பேட்++ ஜிப்பைப் பிரித்தால் ‘டூலோக்கல்கான்ஃப்’ என்றொரு எக்ஸ்எம்எல் கோப்பு இருக்கும். செட்டிங்ஸை இதே ஃபோல்டரில் வை என்பதற்கு அது அங்கே இருப்பதே அடையாளம். விஎஸ் கோடு ஜிப்பில் ‘டேட்டா’ என்று ஒரு ஃபோல்டர் போட்டால் அதுவும் அப்படியே நடக்கும். ஜிப்பில் குறையும் உண்டு: பெரும்பாலும் அப்டேட்டை நாமேதான் கவனிக்க வேண்டும், டபுள் கிளிக் செய்தால் கோப்பு தானாக அந்த நிரலில் திறக்காது.

அதனால் செட்டப் ஃபைலை எடுத்துவிடச் சொல்லவில்லை. தமிழுக்கு எழுத்துருமாற்றி, சொல்திருத்தி, அகராதி என்று எழுதித் தருகிற நண்பர்களே, பக்கத்தில் ஒரு ஜிப்பும் வையுங்கள். செட்டிங்ஸ் அதற்குள்ளேயே இருக்கட்டும். அட்மின் பாஸ்வேர்டு இல்லாத கணினிகள் பள்ளிகளிலும் நூலகங்களிலும் இன்றும் இருக்கின்றன.