சுன்னாகத்து மின்னொளியும் கிணற்று நீரும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாது ஓடும் ஆறு எதுவுமில்லை. மழைநீர் சுண்ணாம்புப் பாறையினூடே இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் நன்னீராகத் தங்குகின்றது. குடிப்பதற்கும் பயிர்செய்வதற்கும் மக்கள் தொன்றுதொட்டு நம்பியிருப்பது இந்நீரைத் தரும் கிணறுகளையே.

இத்தகைய நிலத்தின்மீதே, சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில், சுன்னாகத்தில் எண்ணெயால் இயங்கும் மின்னிலையம் எழுந்தது. போர்க்காலத்தில் தேசிய மின்வழங்கலிலிருந்து குடாநாடு துண்டிக்கப்பட்டபோது எண்ணெய் எந்திரங்களே அதற்கு ஒளி தந்தன. ஆயின் மண்ணிற் சேர்ந்த கழிவெண்ணெயை, வெடிப்புகள் நிறைந்த அப்பாறை தடுத்து நிறுத்தவில்லை. போர் ஓய்ந்த பின்னர் அயற்கிணறுகளில் எண்ணெய் காணப்பட்டது. கிணற்றடியிலே வாழ்ந்தோர் பவுசரில் வரும் நீருக்குக் காத்துநின்றனர். சுன்னாகத்தில் இயங்கிய தனியார் மின்னுற்பத்தி நிறுவனமொன்று 20 மில்லியன் ரூபா இழப்பீடு செலுத்த வேண்டுமென 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இதற்கிடையே, 2014இல் பளைப் பகுதியில் காற்றாலைகள் சுழலத் தொடங்கியிருந்தன. எரிக்க எண்ணெய் வேண்டாத அவற்றால் நிலத்தடி நீருக்கு அத்தகைய கேடு நேர்வதில்லை. எரிபொருளின் விலையையும் எந்திரத்தின் விலையையும் கூட்டி மின்சாரத்தின் செலவைக் கணிப்பது வழக்கம். அக்கணக்கிலே கிணற்றுக்கும் ஓரிடம் உண்டென்பதே சுன்னாகத்து வரலாறு உணர்த்தும் உண்மையாகும்.