கின்சாய் நகரும் இரண்டு சாட்சிகளும்



வரலாறு என்றவுடன் முடிசூட்டு விழாக்களும் போர்க்களங்களுமே நம் நினைவில் எழுகின்றன. ஆனால், ஒரு நகரத்து மக்கள் வைகறையில் எவ்வொலி கேட்டு எழுந்தனர், எங்கே நீராடினர், எதைச் சமைத்து உண்டனர், தீப்பற்றினால் என் செய்தனர் என்பனவும் வரலாறே. அரசாங்க ஏடுகள் இவற்றைப் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. அங்ஙனமாயின் இவற்றை நமக்குச் சொல்பவர் யார்? சீனத்தின் ஹாங்சௌ நகரைக் கொண்டு இவ்வினாவுக்கு விடை காண முயல்வோம்.

வடநாட்டைப் பகைவரிடம் இழந்து தெற்கே வந்த சுங் மரபினர், 1138-இல் இந்நகரைத் தம் இருக்கையாகக் கொண்டனர். பழைய தலைநகரை மீட்போம் என்ற நம்பிக்கையால், இதனைத் 'தற்காலிக இருக்கை' என்றே வழங்கினர். அதற்குரிய சீனச் சொல்லே மேனாட்டார் வாயில் 'கின்சாய்' எனத் திரிந்தது என்பர் அறிஞர். மீட்பு நிகழவில்லை. 1276-இல் மங்கோலியப் படைக்கு நகரம் பணிந்தது. எதிர்த்துப் போரிடாமல் பணிந்தமையால் அதன் கடைவீதிகளும் பாலங்களும் அழியாமல் நின்றன.

வென்ற பேரரசராகிய குப்ளாய்கானிடம் ஊழியம் செய்த வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ, அதன்பின் இந்நகரைக் கண்டவர். 1295-இல் தாயகம் திரும்பிய அவர், ஜெனோவா நகரத்தாரிடம் சிறைப்பட்டிருந்தபோது, உடனிருந்த ருஸ்டிசெல்லோ என்பவரைக் கொண்டு 1298-இல் தம் அனுபவங்களை நூலாக்கினார்.

அவர் கண்டவை எவை? கல்லும் செங்கல்லும் பாவிய தெருக்கள். அரசத் தூதரின் குதிரைகள் விரைந்து செல்லப் பாவாமல் விடப்பட்ட ஒரு பகுதி. வாரத்தில் மூன்று நாள் மக்கள் வெள்ளம் திரளும் பத்துப் பெருஞ் சந்தைகள். அச்சந்தைகளில் செலாவணியாகும் காகிதப் பணம். உள்ளூர் மக்கள் நாள்தோறும் தண்ணீரில் நீராடினர். அப்பழக்கம் இல்லாத வெளியூராருக்கு வெந்நீர் அறைகளும் இருந்தன. ஏரியின் நடுவே இருந்த மாளிகைகளைத் திருமண விருந்துக்கு அமர்த்திக்கொள்ளலாம். பாத்திரங்களும் அங்கேயே கிடைக்கும். வீடுகள் மரத்தால் ஆனவை. ஆதலால் தீப்பற்றினால் பொருள்களைக் கொண்டுசென்று காப்பதற்குக் கற்கட்டடங்கள் இருந்தன. இரவுக் காவலர் நாழிகைதோறும் ஒலி எழுப்பி நேரம் அறிவித்தனர்.

இவற்றை வெனிஸ் நகரத்தார் எளிதில் நம்பவில்லை. அதற்குப் போலோவும் ஒரு காரணமே. பன்னீராயிரம் கற்பாலங்கள் என்கிறார். சீன நூல்கள் காட்டுவன சில நூறு பாலங்களே. தேநீரைப் பற்றி அவர் ஒரு சொல்லும் கூறவில்லை. 1995-இல் பிரான்சிஸ் வுட் என்னும் ஆங்கில அறிஞர், போலோ சீனத்துக்குச் சென்றாரா என்றே ஐயம் எழுப்பினார். 2013-இல் ஹான்ஸ் உல்ரிச் வோகல் என்னும் ஜெர்மானிய அறிஞர், நாணயம், உப்பு, வரி பற்றிப் போலோ தரும் செய்திகளைச் சீன ஆவணங்களோடு ஒப்பிட்டு, அவர் சென்றது உண்மையே என்று வாதிட்டார்.

இனி, இரண்டாம் சாட்சியை அழைப்போம். அவர் ஹாங்சௌவிலேயே வாழ்ந்த வூ ட்ஸூமூ. சுங் காலத்து நகர வாழ்வை நினைவுகூர்ந்து அவர் எழுதிய நூலின் பெயர் 'தினைக் கனவு'. உலையில் தினை வேகும் நேரத்துக்குள் ஒரு வாழ்நாள் முழுவதையும் கனவில் வாழ்ந்து விழித்த ஒருவனைப் பற்றிய பழங்கதையே அப்பெயருக்கு மூலம்.

பேரங்காடிகளும் இரவுச் சந்தைகளும் அவர் நூலிலும் விளங்குகின்றன. நாற்புறமும் நீர் சூழ்ந்து, தீக்கும் திருடருக்கும் அஞ்ச வேண்டாதபடி அமைந்த வாடகைப் பண்டசாலைகளை அவர் குறிக்கிறார். தீயைக் கண்டறிந்து, பகலில் கொடியாலும் இரவில் விளக்காலும் அறிவிக்கும் காவற் கோபுரங்களையும் விவரிக்கிறார். வைகறையில் துறவியர் இரும்புத் தகட்டைத் தட்டிக்கொண்டு தெருவில் நடந்து, அன்று வானம் தெளிவா, மேகமூட்டமா என்று கூவிச் செல்வர். போலோ மறந்த தேநீர்க்கடைகள் இவர் ஏட்டில் ஓவியங்களோடும் மலர்களோடும் திகழ்கின்றன. விறகு, அரிசி, எண்ணெய், உப்பு, குழம்புச்சாறு, காடி, தேயிலை என இல்லத்துக்கு இன்றியமையாதனவற்றையும் எண்ணிக் காட்டுகிறார்.

ஒருவரை ஒருவர் அறியாத இருவரின் சொற்கள் பொருந்துமிடத்து நம் நம்பிக்கை வலுப்பெறுகிறது. மூன்றாவதாகக் கல்லும் சாட்சி சொல்வதுண்டு. நகரத்தார் நாள்தோறும் நுகரும் மிளகு நாற்பத்து மூன்று பொதி என்று ஒரு சுங்க அதிகாரி கூறியதாகப் போலோ எழுதுகிறார். அத்தொகை எவ்வாறாயினும், மிளகு தென்னிந்தியக் கடல்வழி வந்தது என்பதில் ஐயமில்லை. அவ்வழியின் பெருந்துறையாகிய சுவான்சௌவில் 1281-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்துள்ளது. அங்கே இறைவனை எழுந்தருளச் செய்த செய்தியை அது கூறுகிறது. நம் வணிகர் அக்கடலில் இயங்கியதற்கு அது தக்க சான்று.

ஆயினும் என் உள்ளத்தை மிகவும் ஈர்ப்பது வேறொரு செய்தி. ஒவ்வொரு வீட்டாரும் தம் கதவில் மனைவி, மக்கள், ஊழியர் அனைவர் பெயரையும் எழுதி வைக்க வேண்டும். பிறந்தால் சேர்க்க வேண்டும், இறந்தால் அழிக்க வேண்டும். இதனை நல்லாட்சியின் அடையாளமாகவே போலோ பாராட்டுகிறார். வென்றவரின் ஊழியர் அல்லவா? ஆனால், 1559-இல் ராமுசியோ வெளியிட்ட பதிப்பில் வேறொரு குறிப்பும் உண்டு. பேரரசரின் காவற்படை வீரரைக் காணவே மக்கள் விரும்பவில்லை; தம் சொந்த மன்னரை இழந்தது இவர்களால் அன்றோ என்று எண்ணினர் என்கிறது அக்குறிப்பு. தம் தலைவருக்கு உவப்பில்லாத உண்மையையும் பதிவு செய்தவரை வெறும் கதை சொல்லி என ஒதுக்குதல் எங்ஙனம் தகும்?

பயணி தமக்குப் புதியதைக் காண்கிறார். பழகியதால் ஊரார் பேசாது விடுவதை அவர் எழுதிவிடுகிறார். ஊராரோ அதன் அருமையை, அது கைவிட்டுப் போனபின் காண்கிறார். முன்னவர் வியப்பால் மிகைப்படுத்தலாம். பின்னவர் ஏக்கத்தால் அழகுபடுத்தலாம். ஆதலின், மாணவர்களே, இருவரையும் ஒருங்கே வைத்து வினவுங்கள். ஒருவர் கூறி மற்றவர் கூறாது விட்டது எது, ஏன் விட்டார் என்று கேளுங்கள். அரசை இழந்த பின்னும் நாள்தோறும் உலை வைத்து வாழ்ந்த எளிய மக்களின் வரலாறு அவ்வினாக்களால்தான் நமக்குக் கிட்டும்.