ஒரு தாய் பிள்ளைகள்: தமிழில் நாயகனின் தீய இரட்டையன், கூத்துக்களரி முதல் சித்திரக்கதை வரை

நாயகனின் முகத்தோடும் வலுவோடும் வந்து அவனுக்கே எதிராக நிற்கும் தீயவனை அமெரிக்கச் சித்திரக்கதைகள் தனி மரபாகவே வளர்த்திருக்கின்றன. அங்கே அவன் பெரும்பாலும் ஆய்வுகூடத்தில் உருவாகிறான், அல்லது வேறோர் உலகிலிருந்து வருகிறான். தமிழில் அவன் வந்த வழி வேறு. இங்கே அவன் நாயகனின் உடன்பிறப்பு. அரியணையிலோ வீட்டிலோ அவனுக்கும் ஓர் உரிமை இருக்கிறது, அல்லது இருப்பதாக அவன் நம்புகிறான். தமிழ்ப் பார்வையாளர் அவனை முழுமையாக வெறுக்க முடியாமல் போனதற்கு இதுவே காரணம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

இந்த மரபின் வேரைத் தேட மட்டக்களப்பு வாவிக்கரை பொருத்தமான இடம். வடமோடி, தென்மோடிக் கூத்துகள் இன்றும் உயிரோடு ஆடப்படும் நிலப்பரப்பு இது. வடமோடியில் போர்க்கதைகள் மிகுதி. அவற்றுக்குப் பாரதமும் இராமாயணமுமே ஊற்று. முகம் ஒத்த பகைவர் பற்றி நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய கதையும் அந்த ஊற்றிலிருந்தே வருகிறது. அது வாலி, சுக்கிரீவன் கதை.

மாயாவி என்ற அசுரனைத் துரத்திக்கொண்டு வாலி குகைக்குள் போகிறான். வெகுநாள் திரும்பாத அண்ணன் இறந்தான் என்று எண்ணிய தம்பி சுக்கிரீவன் குகை வாயிலை அடைத்துவிட்டு அரசேற்கிறான். திரும்பி வந்த வாலி தம்பியை விரட்டி, அவன் மனைவி உருமையையும் எடுத்துக்கொள்கிறான். இராமன் துணையோடு சுக்கிரீவன் போருக்கு அழைக்கும்போதுதான் சிக்கல் எழுகிறது. கட்டிப் புரளும் இருவரில் அண்ணன் யார், தம்பி யார் என்று இராமனுக்கே தெரியவில்லை. அம்பு தொடுக்க முடியாமல் நிற்கிறான். அடிபட்டு ஓடிவந்த சுக்கிரீவன் கொடிப்பூவைச் சூடிக்கொண்டு மீண்டும் போகிறான். அதன் பிறகே அம்பு பாய்கிறது.

அந்தப் பூவை எடுத்துவிட்டுப் பார்த்தால் கதை எவ்வளவு சங்கடமானது என்பது விளங்கும். நல்லவனையும் தீயவனையும் பிரித்துக் காட்ட அவர்கள் உடலில் எதுவுமே இல்லை. அடையாளம் வெளியிலிருந்து சூட்டப்படுகிறது. யாரை அடையாளமிட வேண்டும் என்று தீர்மானித்தவனோ ஒரு தரப்பாரின் நண்பன். கம்பர் இந்தச் சங்கடத்தை மூடி மறைக்கவில்லை. வீழ்ந்து கிடக்கும் வாலிக்கு நீண்ட நேரம் பேச இடம் கொடுத்தார். மறைந்து நின்று எய்தது முறையா என்று இராமனையே கேட்கவைத்தார். தன் மகன் அங்கதனை, தன்னைக் கொன்றவன் கையிலேயே ஒப்படைத்துவிட்டுத்தான் வாலி சாகிறான்.

கூத்துக்களரியின் அமைப்பும் இந்த நியாயத்துக்கு இடம் கொடுப்பது. வடமோடியில் ஒவ்வொரு பாத்திரமும் தனக்குரிய வரவுப்பாட்டோடும் தாளக்கட்டோடும் களரிக்குள் நுழைகிறது. மத்தளமும் சல்லரியும் நாயகனுக்கு ஒலிப்பதுபோலவே எதிரிக்கும் ஒலிக்கின்றன. வேட உடையான கரப்புடுப்பும் முடியும் நல்லவனுக்கு மட்டும் உரியவை அல்ல. கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் சட்டம் கொடுக்கும், அதாவது ஆடுவோருக்கு அவரவர் பாட்டுகளைக் கையளிக்கும், நாளிலிருந்தே தீயவனின் பாட்டும் ஆட்டமும் அதே கண்டிப்போடு பழக்கப்படுகின்றன. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் சு. வித்தியானந்தன் 1960களில் மட்டக்களப்பு வடமோடியை நவீன மேடைக்கேற்பச் செப்பனிட்டுத் தந்தபோது ‘கர்ணன் போர்’ (1962), ‘இராவணேசன்’, ‘வாலிவதை’ ஆகியவை உருவாயின. மூன்றும் எதிரணியில் நின்றவர்களின் பெயரைத் தாங்கியவை. அவர்களில் வாலி, கர்ணன் இருவரும் உடன்பிறந்தவர்களோடு போரிட்டு மாண்டவர்கள். கர்ணனும் அருச்சுனனும் குந்தியின் பிள்ளைகள்தாம்.

இந்தப் பகுதியின் குடிமுறையையும் இங்கே கருத வேண்டும். மட்டக்களப்பில் குடி, அதாவது குலப்பிரிவு, தாய்வழியில் வருவது. வீடு பெண்ணுக்குச் சீதனமாகப் போவது. ஆண் மணமுடித்து மனைவி வீட்டுக்குப் போவது வழக்கம். ஒரு வயிற்றில் பிறந்த ஆண்கள் ஒரே குடியினர். ஆனால் வாழ்வது வேறு வேறு வீடுகளில். இத்தகைய சமூகத்தில் தம்பியின் மனைவியை அண்ணன் எடுத்துக்கொள்வது அரசியல் குற்றத்தைவிடப் பெரிய குற்றமாகவே படும். வாலியின் வீரத்துக்காக மனம் இளகும் கூட்டம், அந்த ஒன்றை மன்னித்திராது என்றே நான் கருதுகிறேன்.

சினிமா வந்ததும் சிக்கல் தலைகீழானது. இரண்டு நடிகர்கள் ஒரே முகமுடையவர்களாக நடித்த இடத்தில், ஒரே நடிகர் இரண்டு மனிதராக வேண்டியிருந்தது. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் தயாரித்து டி. ஆர். சுந்தரம் இயக்கிய ‘உத்தம புத்திரன்’ (1940) இதற்குத் தொடக்கம், பி. யு. சின்னப்பா இரட்டை வேடமேற்றார். இரும்பு முகமூடிக் கைதி பற்றி அலெக்சாந்தர் தூமா எழுதிய பிரெஞ்சுக் கதையே அதன் மூலம். 1958இல் அதே பெயரில் சிவாஜி கணேசன் விக்ரமனாகவும் பார்த்திபனாகவும் வந்தார். இரட்டையரில் ஒருவன் தாய்மாமனின் வளர்ப்பில் குடியிலும் கூத்தாட்டத்திலும் கெடுகிறான். மற்றவன் எளிய மக்களிடையே நல்லவனாக வளர்கிறான். தீமை பிறப்பிலன்றி வளர்ப்பில்தான் இருக்கிறது என்று வெளிப்படையாகச் சொன்ன படம் அது. கொடிப்பூவின் வேலையை அங்கே நடிகரின் உடலே ஏற்றுக்கொண்டது. விக்ரமனின் அலட்சிய நடையும் பார்வையும் பார்த்திபனுடையவை அல்ல என்பதை வசனமே இல்லாமல் உணர முடிந்தது. அதே ஆண்டில் வந்த எம்.ஜி.ஆரின் ‘நாடோடி மன்னன்’ முகம் ஒத்த இருவரையுமே நல்லவர்களாக்கிக்கொண்டு வேறு வழியில் போயிற்று.

அமெரிக்காவில் சூப்பர்பாயின் கோணல் நகலான பிசாரோ அறிமுகமானதும் 1958இல்தான். ஒரு கருவியின் கதிர் பட்டு உருவான நகல் அவன். 1963இல் ஃபிளாஷ் கதையில் சிவப்பும் மஞ்சளும் இடம்மாறிய உடையோடு ரிவர்ஸ் ஃபிளாஷ் வந்தான். மறு ஆண்டு, ஜஸ்டிஸ் லீக் என்ற நீதிக்குழுவின் நாயகர்களுக்கு நிகரான குற்றவாளிகள் வாழும் ஓர் இணை உலகமே படைக்கப்பட்டது. இதழ்தோறும் தொடரும் கதையில் நாயகன் சாகவும் கூடாது, மாறவும் கூடாது. அவனுக்குச் சமவலு உள்ள எதிரியோ மீண்டும் மீண்டும் தேவை. வண்ணத்தை மாற்றி அச்சிட்டால் எதிரி தயார். அங்கே கொடிப்பூ அச்சுமையாயிற்று. ஆனால் பிசாரோ போன்ற நகலுக்குத் தாய் இல்லை, பங்கு இல்லை. அவன் வீழ்ந்தால் அழுவதற்கு ஒரு வீடும் இல்லை.

தமிழில் சித்திரக்கதை வாசகரைப் பிடித்துக்கொண்டவை இவையல்ல. சிவகாசியிலிருந்து 1972இல் முத்து காமிக்ஸ் தன் முதல் இதழாகக் கொண்டுவந்தது ‘இரும்புக்கை மாயாவி’. 1962இல் பிரிட்டனின் ‘வேலியண்ட்’ இதழில் தொடங்கிய கதை அது. ஆய்வுகூட விபத்தில் கையிழந்த லூயிஸ் கிராண்டெல், மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்துபோகும் ஆற்றல் பெறுகிறான். இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் தெரியும். தொடக்கத்தில் அவன் குற்றவழியில் இறங்கியவன். பிறகே நன்மையின் பக்கம் வந்தான். 1984இல் தொடங்கிய லயன் காமிக்ஸ் தமிழுக்குக் கொண்டுவந்த ஸ்பைடரும் குற்றச் சக்கரவர்த்தியாக இருந்து மாறியவன்தான். நாயகனும் அவனுடைய தீய இரட்டையனும் இங்கே ஒரே உடலில் குடியிருக்கிறார்கள். தீயவன் அழிக்கப்படாமல் திருந்தும் இந்த அமைப்பு, வாலிக்காக மனம் இளகிப் பழகிய வாசகருக்கு அந்நியமாகப் பட்டிருக்காது.

எஸ். ஜே. சூர்யாவின் முதல் படம் 1999இல் வந்தபோது பழைய பெயரே திரும்பியது. ‘வாலி’யில் அஜித் குமார் இரட்டையராக நடித்தார். வாய்பேசாத, காதுகேளாத அண்ணன் தேவா, தம்பி சிவாவின் மனைவியை அடையத் துடிக்கிறான். கிஷ்கிந்தையின் அரசு கதையிலிருந்து நீங்கி, உருமை மட்டும் எஞ்சினாள். பார்வையின் கோணம் மாறியதுதான் இந்தப் படத்தின் பெரிய சாதனை. இராமாயணத்தில் யார் யார் என்று தெரியாமல் தவித்தவன் வில்லேந்திய இராமன். இங்கே அந்தத் தவிப்பு மனைவியுடையது. அவளுக்கு உண்மை தெரிந்த பிறகும் அண்ணன்மேல் உயிரையே வைத்திருக்கும் கணவன் அவளை நம்ப மறுக்கிறான். உருமை என்ன நினைத்தாள் என்று கூத்துக்களரியில் கேட்கப்படாத கேள்வி, வெகுமக்கள் சினிமாவில் கேட்கப்பட்டது.

இரண்டு ஆண்டுகளில் கமல்ஹாசன் தன் ‘தாயம்’ தொடர்கதையை ‘ஆளவந்தான்’ (2001) படமாக்கினார். இயக்கம் சுரேஷ் கிருஷ்ணா. அதிரடிப்படை வீரன் விஜய். மனநல மருத்துவமனையில் அடைபட்ட அவன் இரட்டையன் நந்து. மொட்டைத் தலையும் பருத்த உடலும் அடையாளக் குழப்பத்துக்கே இடம் தரவில்லை. நந்துவின் வன்முறைக் காட்சிகள் சில சித்திரமாகவே அசைந்து, திரைப்படத்தைச் சித்திரக்கதைக்கு மிக அருகில் கொண்டுபோயின. ஆனால் அமெரிக்க நகல்களைப்போல அவன் எங்கிருந்தோ வந்தவன் அல்லன். சிறுவயதில் சிற்றன்னையிடம் பட்ட கொடுமையே அவனை அப்படி ஆக்கியது. இறந்த தாய் அவன் கண்ணுக்குத் தெரிகிறாள், அவனோடு பேசுகிறாள். விஜய் மணக்கும் பெண்ணை அந்தச் சிற்றன்னையாகவே கண்டுதான் அவளைக் கொல்லத் தேடி அலைகிறான்.