கிந்தன் பிறந்த கதை

நாகர்கோவில் வடசேரிச் சந்தைக்குப் போகிறவர் 'தேங்கா கீங்கா என்ன விலை?' என்றுதான் கேட்பார். முதல் எழுத்துக்குப் பதில் 'கி'யோ 'கீ'யோ போட்டுவிட்டால் எப்பேர்ப்பட்ட சரக்கும் கொஞ்சம் இறங்கிவந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளும். நந்தனார் கிந்தனார் ஆனது இந்தப் பேச்சுவழக்கால்தான். ஆக்கியவர் வடசேரியை அடுத்த ஒழுகினசேரியில் 1908-இல் பிறந்த கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன்.

நந்தன் கதை அப்போது தமிழ்நாட்டுக்கு மனப்பாடம். பெரியபுராணத்தில் திருநாளைப்போவார் என்று வரும் நந்தனுக்குப் பண்ணையார் வேதியர் ஒருவரைச் சேர்த்துவிட்டவர் கோபாலகிருஷ்ண பாரதி. நாற்பது வேலி நிலத்தையும் நட்டு முடித்துவிட்டுச் சிதம்பரம் போ என்கிறார் வேதியர். சிவனின் பூதகணங்கள் ஒத்தாசைக்கு வர, ஒரே ராத்திரியில் எல்லாம் விளைந்து நிற்கிறது. காலட்சேப மேடைகளில் ஓடிய இந்த அற்புதம் சினிமாவுக்கும் வந்தது. 1935-இல் நந்தனாராக நடிக்க கே. பி. சுந்தராம்பாள் ஒரு லட்சம் வாங்கினார். 1942-இல் தண்டபாணி தேசிகர். மூலம் இப்படி ஊரறிந்ததாக இருந்தால்தான் நையாண்டி எடுபடும்.

1949-இல் வந்த 'நல்லதம்பி'க்குக் கதை வசனம் அண்ணா, இயக்கம் கிருஷ்ணன்-பஞ்சு. அதில் கலைவாணர் பாகவதராகவே வந்து 'கிந்தனார்' காலட்சேபம் செய்கிறார். பாட்டு உடுமலை நாராயண கவி. சிறுவயதில் வில்லுப்பாட்டில் பழகியவர் கலைவாணர். வில்லடிப்பவர் ஒரு வரி சொன்னால் பக்கத்தில் இருப்பவர் 'ஆமா' போட வேண்டும். எந்த இடத்தில் நிறுத்தினால் சிரிப்பு வரும் என்பதை அங்கேதான் படித்திருப்பார் என்பது என் எண்ணம்.

நந்தனுக்குச் சிதம்பரத்தின் மேல் ஆசை என்றால் கிந்தனுக்குப் படிப்பின் மேல். தாழ்த்தப்பட்ட வீட்டுப் பிள்ளை. பள்ளிக்கூடம் அவனை விரட்டுகிறது. பூதகணம் எதுவும் ஒத்தாசைக்கு வரவில்லை. ரயில்தான் வருகிறது. பட்டணம் போய்ப் படித்துக் கல்வி அதிகாரியாகத் திரும்பி வருகிறான். நந்தனைக் கலைவாணர் எங்கும் கேலி செய்யவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அவர் கழற்றி வைத்தது அற்புதத்தை மட்டும். நந்தன் நெருப்பில் இறங்கித்தான் சிதம்பரத்துக்குள் போக முடிந்தது. கிந்தனுக்கு ஒரு டிக்கெட் போதும்.

கதையிலேயே கலகலப்பான இடமும் அந்த ரயில்தான். இதில் ஒரு வேடிக்கை: ஒழுகினசேரிக்காரர் ரயிலேற வேண்டுமானால் திருநெல்வேலிக்கோ திருவனந்தபுரத்துக்கோ போக வேண்டியிருந்த காலம் அது. நாகர்கோவிலுக்கு ரயில் வந்தது 1979-இல். கலைவாணர் மறைந்து 22 வருஷம் கழித்து.