வாடகை இல்லாத அறையும் விலை கொடுத்த சாவியும்

கல்லூரியில் இடம் கிடைத்த மகிழ்ச்சி அடங்குமுன்பே, பிள்ளை எங்கே தங்குவான் என்ற கவலை நம் வீடுகளில் தொடங்கிவிடுகிறது. கவலை பழையதுதான். மொராக்கோவின் ஃபெஸ் நகரில், கி.பி. 859இல் ஃபாத்திமா அல்ஃபிஹ்ரி அம்மையார் நிறுவியதாகப் போற்றப்படும் கரவிய்யீன் பள்ளிவாசல் பெரும் கல்விக்கூடமாக வளர்ந்தது. அங்கே பாடம் உண்டு, உறைவிடம் இல்லை. தொலைதூரக் கிராமங்களிலிருந்து வந்த மாணவர்கள் எங்கே தங்குவது?

மரீனிய சுல்தான்கள் அதற்கு வழி செய்தார்கள். பள்ளிவாசலிலிருந்து நடந்துபோகும் தொலைவிலேயே 1271இல் ஸஃப்ஃபாரீன் மத்ரஸாவையும், 1325இல் அத்தாரீன் மத்ரஸாவையும் கட்டி முடித்தனர். முன்னது கன்னார் கடைத்தெருவின் பெயர். பின்னது அத்தர், நறுமணப்பொருள் விற்போர் தெருவின் பெயர். ஆம், கடைவீதியின் இரைச்சலுக்கு நடுவேதான் அவை எழுந்தன! 1670இல் சுல்தான் மௌலாய் ரஷீத் கட்டிய ஷர்ராத்தீன் மத்ரஸாவில் நூற்றுக்கும் மேற்பட்ட சிற்றறைகள் இருந்தன.

அறைக்கு வாடகை கிடையாது. வக்ஃபு சொத்துகளின் வருமானத்திலிருந்து மாணவருக்கு நாள்தோறும் ரொட்டியும் கிடைத்தது. எனினும் பிற்காலத்தில் ஒரு வழக்கம் நுழைந்தது: புதிதாக வருபவர் அறையின் சாவி உரிமையை முன்னிருந்தவரிடம் விலைகொடுத்து வாங்க வேண்டும். ஏறக்குறைய நம் ஊர் முன்பணம் போலத்தான். அல்லாஹ்வுக்காக விடப்பட்ட அறைக்கும் விலை முளைத்ததை நம்மால் எளிதாகக் கடந்துபோக முடியவில்லை. சாவிக்குப் பணம் புரட்ட எத்தனை தகப்பன்மார் ஆட்டை விற்றார்களோ! படிப்பு முடிந்து ஊர் திரும்பும் மாணவர், அதே சாவியை அடுத்தவருக்கு விற்றுவிட்டுப் புறப்படுவார்.